ஐந்து நட்சத்திரத்தோடு கிரான் முடிந்துவிடுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லினக்ஸ் சர்வரில் ஒரு ஸ்கிரிப்டைக் குறித்த நேரத்தில் தானாக ஓடவைப்பது எப்படி என்று தங்கள் இதழின் கணினிப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் 'கிரான்' என்ற லினக்ஸ் சேவைக்கு நாம் தரும் பட்டியலான கிரான்டேப்பின் வரியில் நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்று வரும் ஐந்து இடங்களையும் புதியவர்களுக்குப் புரியும்படி விளக்கியிருந்தார்கள். ஆனால் 'தினமும் நள்ளிரவு தாண்டி 2.30 மணிக்கு டேட்டாபேஸ் பேக்கப்' என்று சொல்லி 30 2 * * * என எழுதி, வருகிற செய்தி எல்லாவற்றையும் வரிக் கடைசியில், வருவதையெல்லாம் விழுங்கிவிடும் 'டெவ் நல்'லுக்குத் தள்ளிவிட்டு, இனி நிம்மதியாகத் தூங்கலாம் என்று முடித்துவிட்டார்கள். அதை அப்படியே பார்த்து எழுதி வைக்கிறவர் தூங்கலாம்தான். பேக்கப் இருக்குமா என்பது வேறு விஷயம்.

முதலில் நேரத்தைப் பார்ப்போம். வாடகைக்கு எடுக்கும் கிளவுட் சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரமான யூடிசியில்தான் வருகின்றன. நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் (இலங்கைக்கும் இதே கணக்குதான்). ஆகவே கட்டுரையில் உள்ள வரி ஓடுவது இங்கே காலை 8.00 மணிக்கு. ஊழியர்கள் லாகின் செய்யத் தொடங்கும் நேரத்தில் பேக்கப்பும் சேர்ந்து டேட்டாபேஸை இழுக்கும். இந்திய நேரம் அதிகாலை 2.30 வேண்டுமென்றால் யூடிசி சர்வரில் 0 21 * * * என்று எழுத வேண்டும்.

தினசரி வேலைக்கு இத்துடன் தீர்ந்தது. வாராந்திர வேலை என்றால் கிழமையும் மாறும். நமக்கு ஞாயிறு அதிகாலை 2.30 என்பது சர்வருக்குச் சனி இரவு 9 மணி, எனவே கிழமை இடத்தில் 0 அல்ல, 6. மாதாந்திர வேலை இன்னும் சிக்கல். நம் 1-ஆம் தேதி அதிகாலை அங்கே முந்தைய மாதத்தின் கடைசி நாள். அது 28-ஆ, 29-ஆ, 30-ஆ, 31-ஆ என்று கிரான் வரியில் சொல்ல வழியே இல்லை. எளிய தீர்வு, வேலையைக் காலை 5.30-க்குத் தள்ளிப்போடுவது. 0 0 1 * * என்றால் இரண்டு ஊரிலும் 1-ஆம் தேதிதான். முடியாது, அதிகாலையில்தான் ஓட வேண்டும் என்றால் 28 முதல் 31 வரை தினமும் ஓடவிட்டு, இந்திய நேரப்படி இன்று 1-ஆம் தேதியா என்று ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே பார்த்து, இல்லையென்றால் வெளியேறச் செய்யலாம்.

கிரான்டேப்பின் தலையில் 'கிரான்_டிஇசட்' என்று நேர மண்டலத்தைக் குறித்தால் போதுமே என்று சிலர் சொல்வார்கள். ரெட்ஹேட் குடும்ப லினக்ஸ்களில் வரும் 'கிரானி' என்ற கிரான் வகையில் அது செல்லும். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ்களில் வழக்கமாக வரும் கிரானுக்கு அந்த வசதி கிடையாது. வம்பு என்னவென்றால், அது பிழை எதுவும் காட்டாது. அந்த வரியைச் சாதாரண மாறியாக எடுத்துக்கொண்டு பழைய நேரத்துக்கே ஓடிக்கொண்டிருக்கும். சர்வரின் நேர மண்டலத்தையே இந்திய நேரத்துக்கு மாற்றினாலும், கிரான் சேவையை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிடுவது நல்லது. முன்பே ஓடிக்கொண்டிருக்கும் கிரான் பழைய மண்டலத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். என்னைக் கேட்டால் சர்வரை யூடிசியிலேயே விட்டுவிட்டு, ஒவ்வொரு கிரான் வரிக்கு மேலும் இந்திய நேரத்தைக் குறிப்பாக எழுதி வைப்பேன். கோடைக்கு ஒன்று குளிருக்கு ஒன்று என்று கடிகாரத்தை மாற்றும் தொல்லை நமக்கில்லை. ஒருமுறை போட்ட கணக்கு எப்போதும் பொருந்தும்.

கட்டுரையில் வரும் '*/45 என்றால் 45 நிமிடத்துக்கு ஒருமுறை' என்ற வாக்கியம் தவறு. சாய்கோடு இடைவெளியை அளப்பதில்லை. 0 முதல் 59 வரையுள்ள நிமிடங்களில் 0, 45 என்ற இரண்டை மட்டும் பொறுக்கி எடுக்கிறது. எனவே 45 நிமிடம், பிறகு 15 நிமிடம், மறுபடி 45 என்று ஓடும். 60-ஐ மீதியின்றி வகுக்கும் எண்ணுக்குத்தான் சீரான இடைவெளி கிடைக்கும். 90 நிமிடத்துக்கு ஒருமுறை வேண்டுமென்றால் 0 0-21/3 * * * என ஒரு வரி, 30 1-22/3 * * * என இன்னொரு வரி.

தேதி, கிழமை இரண்டையும் ஒரே வரியில் குறித்தால், இரண்டும் பொருந்தும் நாளில் மட்டும் ஓடும் என்றே யாரும் நினைப்பார்கள். கிரான் எது பொருந்தினாலும் ஓட்டிவிடும். மாதத்தின் முதல் வெள்ளி என்று நினைத்து 0 9 1-7 * 5 என்று எழுதினால், முதல் ஏழு நாளும் ஓடும். அதற்குப் பிறகு வரும் எல்லா வெள்ளியும் ஓடும். தேதியை மட்டும் வரியில் வைத்துவிட்டு, கிழமையை ஸ்கிரிப்டுக்குள் சோதியுங்கள்.

'கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லை' என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். நாம் லாகின் செய்யும்போது கிடைக்கும் சூழல் கிரானுக்குக் கிடைப்பதில்லை. நாம் கட்டளை தட்டும் ஷெல்லான பாஷின் அமைப்புக் கோப்பில் எழுதி வைத்த பாஸ்வேர்டும் பாதையும் அதற்குத் தெரியாது. கட்டளைகளை அது தேடும் பாதை பெரும்பாலும் இரண்டே அடைவு: யூஎஸ்ஆர்-பின், பின். லோக்கலில் நிறுவிய பைத்தானோ நோடோ அதன் கண்ணில் படாது. ஷெல்லும் பாஷ் அல்ல, எஸ்ஹெச். டெபியனில் அது டாஷ். இரட்டைச் சதுர அடைப்பு, 'சோர்ஸ்' போன்ற பாஷ் வழக்கங்கள் அங்கே செல்லாது. ஓடத் தொடங்கும் இடமும் நீங்கள் நின்ற அடைவு இல்லை, பயனரின் ஹோம் அடைவு. எனவே கட்டளைக்கும் கோப்புக்கும் முழுப் பாதை கொடுங்கள். தேவைப்படும் மாறிகளை ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதுங்கள். கிரானில் போடுவதற்கு முன் 'என்வ்' கட்டளைக்கு 'ஐ' விருப்பம் கொடுத்து, வெறும் சூழலில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பாதிப் பிழைகள் அங்கேயே தெரிந்துவிடும்.

சதவீதக் குறியைத் தனியாகச் சொல்ல வேண்டும். பேக்கப் கோப்புக்குத் தேதியைப் பெயராக வைக்க 'டேட்' கட்டளையை % குறிகளோடு கிரான் வரியிலேயே எழுதுவார்கள். கிரானுக்கு % என்றால் புதிய வரி. முதல் % குறியோடு கட்டளையை வெட்டி, மீதியைக் கட்டளைக்கு உள்ளீடாக அனுப்பிவிடும். ஒவ்வொரு % குறிக்கும் முன்னால் பின்சாய்கோடு இட வேண்டும். தேதி வேலையை ஸ்கிரிப்டுக்குள் வைத்துவிட்டு, கிரான் வரியில் ஸ்கிரிப்டின் பாதையை மட்டும் வைப்பது அதைவிட மேல்.

இன்னொரு விசித்திரம்: டெபியனில் தினசரி வேலைகளுக்கான 'கிரான்.டெய்லி' அடைவுக்குள் பேக்கப்.எஸ்ஹெச் என்று புள்ளி வைத்த பெயரில் கோப்பைப் போட்டால் அது ஓடவே ஓடாது. புள்ளியுள்ள பெயரை அங்கே கணக்கில் எடுப்பதில்லை. பின்னொட்டை நீக்கி வெறும் 'பேக்கப்' என்று வையுங்கள். இயக்கும் அனுமதியும் கொடுத்திருக்க வேண்டும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் ஸ்கிரிப்ட் ஒருநாள் ஏழு நிமிடம் எடுத்துக்கொண்டால், முதலாவது முடியும் முன்பே இரண்டாவதைக் கிரான் தொடங்கிவிடும். இரண்டும் ஒரே டேபிளைப் பிடித்து இழுக்கும், மூன்றாவது வந்து சேரும், சர்வர் திணறும். இதற்கு 'எஃப்லாக்' என்ற கட்டளை லினக்ஸிலேயே இருக்கிறது. 'என்' விருப்பத்தோடு ஒரு பூட்டுக் கோப்பைக் காட்டி, அதன் வழியாக ஸ்கிரிப்டை ஓட்டினால், முந்தையது முடியாதவரை புதியது சும்மா வெளியேறிவிடும். சிக்கிக்கொண்ட ஸ்கிரிப்ட் பூட்டை விடாமல் பிடித்திருக்கும் அபாயமும் உண்டு. அதனால் 'டைம்அவுட்' கட்டளையையும் சேர்த்து மேல்வரம்பு ஒன்று வைத்துவிடுங்கள்.

இனி 'டெவ் நல்'லுக்கு வருகிறேன். கட்டுரையில் எனக்கு மிகவும் வருத்தம் தந்த இடம் இதுதான். ஸ்கிரிப்ட் ஏதாவது அச்சிட்டால் கிரான் அதை அந்தப் பயனருக்கு மின்னஞ்சலாக அனுப்பப் பார்க்கும். 'மெயில்டு' என்ற வரியில் முகவரி கொடுத்தால் அங்கே அனுப்பும். ஆனால் இன்றைய சிறிய சர்வர்கள் பலவற்றில் மெயில் அனுப்பும் மென்பொருளே இருக்காது. அப்போது டெபியன் கிரான் வெளியீட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, அப்படிச் செய்ததாக சிஸ்டம் லாகில் ஒரு வரி எழுதும். அதை யார் பார்க்கிறார்கள்? குறைந்தபட்சம் சாதாரண வெளியீடு, பிழை வெளியீடு இரண்டையும் ஒரு லாக் கோப்பில் சேருங்கள். முதலில் லாக் கோப்பு, அதன் பிறகு, பிழையையும் அதே இடத்துக்கு அனுப்பும் 2>&1. வரிசையை மாற்றினால் பிழைகள் மட்டும் கோப்புக்குப் போகாது.

லாக் இருந்தாலும் பேக்கப் பொய் சொல்லும். டேட்டாபேஸை நகலெடுக்கும் மைஎஸ்கியூஎல்-டம்ப்பின் வெளியீட்டை, சுருக்கும் கருவியான ஜிஜிப்புக்குள் குழாய் போட்டு அனுப்புவது எல்லோரும் செய்வது. பாஸ்வேர்டு மாறி டம்ப் தோற்றாலும், குழாயின் கடைசியிலுள்ள ஜிஜிப் வெற்றி என்றுதான் முடியும். ஷெல் அதையே நம்பும். அடைவைப் பார்த்தால் தினமும் ஒரு கோப்பு, சரியான தேதியோடு, ஒவ்வொன்றும் 20 பைட். வெறுமையைச் சுருக்கினால் ஜிஜிப் தரும் அளவு அது. குழாயில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் 'பைப்ஃபெயில்' விருப்பத்தைப் பாஷில் இயக்குங்கள். அதோடு டம்ப்பின் கடைசி வரியையும் சோதியுங்கள்: மைஎஸ்கியூஎல் தன் டம்ப் முழுதாக முடிந்தால் 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்று இயல்பாக எழுதும், போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸின் சாதாரண எழுத்து வடிவ டம்ப்பிலும் இதுபோன்ற முடிவு வரி உண்டு. தற்காலிகப் பெயரில் எழுதி, இந்தச் சோதனை தேறிய பிறகே நிஜப் பெயருக்கு மாற்றுங்கள்.

7 நாள் தாண்டிய கோப்புகளை நீக்கும் வரியைத் தனிக் கிரான் வேலையாக வைக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. பேக்கப் நின்றுபோனாலும் நீக்கும் வேலை கடமை தவறாமல் நடக்கும்; எட்டாம் நாள் அடைவில் நல்ல கோப்பு ஒன்றுகூட இருக்காது. புதிய பேக்கப் தேறிய பிறகு, அதே ஸ்கிரிப்டின் கடைசியில்தான் பழையதை நீக்க வேண்டும்.

இதெல்லாம் சின்ன இடங்களில் நடப்பது என்று நினைக்க வேண்டாம். 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துத் தரும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் அடைவை நீக்கிவிட்டார். பேக்கப்பைத் தேடினால், சேமிப்பிடம் காலி. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை ஓடிய பேக்கப் வேலை, போஸ்ட்கிரஸ் 9.6-க்கு எதிராக 9.2 பதிப்பின் டம்ப் கருவியை ஓட்டித் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்ல மின்னஞ்சலும் போனது. அனுப்புநர் போலியா என்று பார்க்கும் டிமார்க் சரிபார்ப்பில் தேறாததால் அந்த அஞ்சல்கள் பெறும் இடத்தில் நிராகரிக்கப்பட்டன. சுமார் 6 மணி நேரம் முன்பு, வேறு வேலைக்காகக் கையால் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் (அந்நேரத்து நகல்) காப்பாற்றியது. அப்படியும் ஏறத்தாழ 5,000 புராஜெக்ட்கள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள் பாதிக்கப்பட்டன. இவ்வளவையும் ஒளிக்காமல் அவர்களே வெளியிட்டார்கள். அதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும்.

தோற்றால் மெயில் அனுப்பு என்ற ஏற்பாடு போதாது என்பது இதிலிருந்து தெரியும். சர்வரே அணைந்துபோனால் மெயிலை யார் அனுப்புவது? ஏற்பாட்டைத் திருப்பிப் போட வேண்டும். வேலை வெற்றியாக முடிந்தால் ஸ்கிரிப்டின் கடைசி வரி வேறொரு இடத்திலுள்ள கண்காணிப்புச் சேவையின் முகவரியை 'கர்ல்' வழியாக ஒருமுறை தட்டட்டும். குறித்த நேரத்துக்குள் தட்டு வராவிட்டால் அந்தச் சேவை உங்கள் போனுக்குச் செய்தி அனுப்பும். இலவசமாகவே இப்படிப்பட்ட சேவைகள் கிடைக்கின்றன. தட்டு தாமதமானால் அது பொறுத்திருக்கும் சலுகை நேரத்தை, வேலை வழக்கமாக எடுக்கும் நேரத்தின் இரண்டு மடங்காக வைத்தால் வீண் அலாரம் குறையும்.

இணையதளச் சான்றிதழுக்கும் இது பொருந்தும். இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட்டின் வழக்கமான 90 நாள் சான்றிதழைக் கிரானோ டைமரோதான் புதுப்பிக்கிறது. காலாவதி நெருங்குகிறது என்று அவர்கள் அனுப்பி வந்த நினைவூட்டல் மெயில் 2025 ஜூன் 4-உடன் நின்றுவிட்டது.

வேர்ட்பிரஸில் தளம் நடத்துகிற சிற்றிதழ்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 'திட்டமிட்ட பதிவு' காலை 6 மணிக்கு வெளிவராமல் நிற்கிறதா? வேர்ட்பிரஸின் உள்கிரான் கடிகாரம் பார்த்து ஓடுவதில்லை. யாராவது தளத்துக்கு வந்தால்தான் ஓடும். அதை அமைப்புக் கோப்பில் நிறுத்திவிட்டு, ஹோஸ்டிங் கணக்கின் சிபேனலில் 'கிரான் ஜாப்ஸ்' பக்கம் போய், டபிள்யூபி-கிரான் கோப்பை 10 அல்லது 15 நிமிடத்துக்கு ஒருமுறை அழைக்க வையுங்கள்.

குறித்த நேரத்தில் கணினி அணைந்திருந்தால் கிரான் அந்த வேலையை விட்டுவிடும். மறுபடி வந்து ஈடுகட்டாது. மின்வெட்டு உள்ள அலுவலகத்துச் சர்வருக்கு, லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்-டியின் டைமர் பொருத்தம். 'பெர்சிஸ்டென்ட்' என்பதை இயக்கினால், தவறிய வேலையைக் கணினி எழுந்ததும் ஓட்டிவிடும். முந்தைய ஓட்டம் முடியாமல் அதே சேவையை இரண்டாவது முறை தொடங்காது, வெளியீடும் அதன் லாகான ஜர்னலில் தானாகச் சேரும். புதிய சர்வர் என்றால் நான் அதைத்தான் பரிந்துரைப்பேன்; எழுத வேண்டியது இரண்டு கோப்பு என்பது ஒன்றுதான் கூடுதல் வேலை.

கடைசியாக, கட்டுரை 'கிரான்டேப் - இ' என்று திருத்தச் சொல்கிறது. விசைப்பலகையில் 'இ'க்கு அடுத்த விசை 'ஆர்'. அதைத் தட்டிவிட்டால் எல்லா வரிகளும் ஒரு கேள்விகூடக் கேட்காமல் அழிந்துவிடும். வரிகளைத் தனிக் கோப்பில் எழுதி, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் 'கிட்' கருவியில் சேமித்து, அந்தக் கோப்பின் பெயரைக் கிரான்டேப் கட்டளைக்குக் கொடுத்து நிறுவுங்கள். கடைசி வரிக்குப் பிறகு ஒரு என்டர் தட்ட மறக்க வேண்டாம்.

இங்ஙனம்,
சர்வர் நிர்வாகத்தில் இருக்கும் ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்