ஸ்தபதி எந்தக் கட்டத்தில் வரும்?

மதிப்பிற்குரிய அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். உலோகச் சிலை வார்க்கும் என் தந்தையின் உதவித்தொகை விண்ணப்பம் மறுபடியும் திரும்பி வந்திருக்கிறது. காரணம் தாங்கள் அறிந்ததே: பெயர் பொருந்தவில்லை. ஆதாரில் இனிஷியலும் பெயரும். கைவினைஞர் அட்டையில் பெயருக்குப் பின்னால் ஸ்தபதி. ‘குடும்பப் பெயர்’ கட்டம் காலியாக இருந்தால் கணினி ஏற்காது என்று அதைப் போட்டவர் தங்கள் ஊழியர்தான்.

அது குடும்பப் பெயர் இல்லை ஐயா. ஸ்தபதி, சூத்திரகிராகி, தட்சகர், வர்த்தகி என்று சிற்ப நூல்கள் நான்கு வகைக் கலைஞர்களைச் சொல்கின்றன. மொத்த வேலைக்கும் பொறுப்பேற்கிறவர்தான் ஸ்தபதி. அப்பா மெழுகும் குங்கிலியமும் காய்ச்சிச் சிலையின் உருப்பிடித்து, அதன்மேல் காவிரி வண்டல் பூசி, உலோகம் வார்த்து, அரத்தால் ராவி, முதல் சிலைக்குக் கண் திறந்த பிறகுதான் ஊரார் அவரை அப்படி அழைத்தார்கள். வங்கியில் வேலை பார்த்த சித்தப்பாவை யாரும் ஸ்தபதி என்றதில்லை. விரும்பிப் பெயரோடு போட்டுக்கொள்பவர்களும் உண்டு, அது அவர்கள் இஷ்டம். எங்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

எழுபது கடந்தவரை நேரில் வரச் சொன்னீர்கள். வந்தார். காலமெல்லாம் அரமும் உப்புத்தாளும் தேய்த்த விரல், கருவியில் ரேகை விழவில்லை. வேட்டியில் துடைத்து வைத்தார்; எச்சில் தொட்டு வைத்தார்; அடுத்த விரலை வைத்தார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. “ஸ்தபதிங்கிறது உங்க அப்பா பேரா?” என்று கவுண்டரில் இருந்த பெண் கேட்டார். “இல்லம்மா, என் வேலை” என்றார். அரசிதழில் பெயர் மாற்றி வரும்படி ஒரு சீட்டு கிடைத்தது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் அதைக் கட்டிய வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் இருக்கிறார். நல்லவேளை, அவர் 1010-லேயே வேலையை முடித்துவிட்டார். இன்று வந்தால் எதை எந்தக் கட்டத்தில் எழுதுவார்? 2023-ல் டெல்லி ஜி20 மாநாட்டு அரங்கின் முன் 27 அடி நடராஜர் நின்றபோது சுவாமிமலை ஸ்தபதிகள் என்று ஊரெல்லாம் பெருமை பேசினார்கள். அன்று யாரும் இனிஷியல் கேட்கவில்லை. மெழுகு உருவுக்குப் பூச ஒரு கூடை வண்டல் அள்ள ஆற்றில் இறங்கினால் ஆயிரம் கேள்வி, லாரி லாரியாக மணல் போனபோது... சரி, அது வேறு அலுவலகம்.

தங்களிடம் கேட்பது இதுதான். குடும்பப் பெயர் கட்டத்தைக் கட்டாயம் ஆக்காதீர்கள். ஸ்தபதியைத் தொழில் கட்டத்தில் எழுதுங்கள். அதுவரை, இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று கிராம நிர்வாக அலுவலர் தந்த சான்றை ஏற்று, விண்ணப்பத்தைப் பரிசீலிக்குமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
விண்ணப்பதாரரின் மகள்,
சுவாமிமலை.