அம்பை எடுக்கும் கைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வெளியான பரோக் கால (பதினேழாம் நூற்றாண்டையொட்டிய ஐரோப்பிய) ஓவியங்களைப் பற்றிய கட்டுரை, அக்காலச் சமய ஓவியமெல்லாம் இருட்டையும் ரத்தத்தையும் காட்டி மக்களை மிரட்டிய பிரசாரம் என்று முடிகிறது. 1563-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் படங்களைச் சமயக் கல்விக்குப் பயன்படுத்தச் சொன்னது உண்மைதான். ஆனால் தருமபுரி மாவட்டத்தில் முப்பத்தோராண்டுகள் செவிலியராக இருந்த என் கண்ணுக்கு அவற்றில் முதலில் படுவது ரத்தமல்ல, காயத்தைத் தொடும் கைகள்.

நம் பகுதித் தேவாலயங்களில் வேதசாட்சியான புனித செபஸ்தியாரின் சுரூபம் மரத்தில் கட்டுண்டு, அம்புகள் தைத்தபடி நிற்கும். அந்த அம்புகளால் அவர் சாகவில்லை என்பதும், ஐரீன் என்ற கைம்பெண் அவரைப் பேணிப் பிழைக்க வைத்தார் என்பதும் பலருக்குத் தெரியாது. டச்சு ஓவியர் ஹென்ட்ரிக் தெர்புருகன் 1625-இல் தீட்டியது இந்தப் பின்கதையைத்தான். பணிப்பெண் மணிக்கட்டின் கயிற்றை அவிழ்க்கிறாள். ஐரீன் விலாவிலிருந்து அம்பை மெல்ல இழுக்கிறார். செபஸ்தியாரின் தோல் வெளிறிக் கிடக்கிறது. (தைத்த பொருளை அறுவை அரங்கிற்கு வெளியே பிடுங்கக் கூடாது என்பது எங்கள் பயிற்சி, ஐரீனை மன்னித்துவிடலாம்.) இது வரையப்பட்ட, நெதர்லாந்தின் ஊட்ரெக்ட் நகரில் அப்போது புராட்டஸ்தாந்து ஆட்சியின் கீழ் கத்தோலிக்கர் பொதுவில் வழிபடவே உரிமை இல்லை. அங்கே இந்தப் படத்தைக் கொண்டு யாரை மிரட்டியிருக்க முடியும்?

தொப்பூர் கணவாயில் விபத்து நடந்த இரவுகளில், காயத்தோடு ஒட்டிப்போன துணியைச் சலைனில் நனைத்து, ஊறும்வரை காத்திருந்து, ஓரத்திலிருந்து இழை இழையாக எடுத்திருக்கிறேன். அவசரப்பட்டு இழுத்தால் புதுத் தோலும் கூடவே வந்துவிடும். அந்தப் பொறுமையை நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஐரீனின் விரல்களில் பார்த்தபோது திகைத்துப் போனேன்.

1649-இல் கொள்ளைநோய் ஸ்பெயினின் செவில் நகர மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரைக் கொண்டுபோனது. பின்னர் அங்கே ஏழைகளுக்குப் பணிசெய்த ஒரு சகோதர சபையின் மருத்துவமனை ஆலயத்திற்காக அவ்வூர் ஓவியர் முரில்லோ 1672-இல் வரைந்த படத்தில், அரச குலத்துப் புனிதரான ஹங்கேரியின் எலிசபெத்தம்மாள் தலையில் படை வந்த சிறுவனைப் பாத்திரத்தின் மேல் குனிய வைத்துக் கழுவிவிடுகிறார். பக்கத்தில் இன்னொரு சிறுவன் தலையைச் சொறிகிறான்; முன்னால் உட்கார்ந்திருப்பவர் தன் காலின் கட்டைத் தானே பிரிக்கிறார். புறநோயாளிகள் வரிசை இன்றும் இப்படித்தான் இருக்கிறது. நாளெல்லாம் புண்களைக் கழுவ வேண்டிய சபையினர் வழிபாட்டில் நிமிர்ந்தால் கண்ணெதிரே இருந்தது இந்தப் படம். அதைப் பிரசாரம் என்று சொல்வதானால், அது அவர்களுக்கே செய்யப்பட்ட பிரசாரம். நெப்போலியன் காலத்தில் பிரெஞ்சுத் தளபதி எடுத்துச் சென்ற இப்படம், பாரிசும் மாட்ரிடும் சுற்றி, பழைய இடத்திற்கே திரும்பிவிட்டது.

தங்கள் கட்டுரையுடன் அச்சானதோ அம்பு தைத்த செபஸ்தியாரின் படம் ஒன்றே, அதுவும் தீப்பெட்டி அளவில். அடுத்த இணைப்பில் தெர்புருகனின் ஓவியத்தை, பணிப்பெண்ணின் விரல்களும் கயிற்றின் முடிச்சும் தெரியும் அளவுக்காவது பெரிதாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
தருமபுரி.