எங்கள் ஹாக்கி அணிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

இந்தப் பருவத்தில் எங்கள் கல்லூரி மகளிர் ஹாக்கி அணி இதுவரை ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. வாழ்த்துச் சொல்கிற எல்லோரும் கோல் போட்டவர்களின் பெயரைச் சொல்கிறார்கள். அந்தப் பாராட்டு அவர்களுக்குத் தகும். அணித்தலைவியாக நான் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: எங்களைக் காப்பாற்றியது நாங்கள் வாங்காத கோல்கள். அதற்கு எங்களைப் பழக்கியவர்கள் பலர் மைதானத்துக்கு வெளியே இருக்கிறார்கள்.

சென்ற பருவத்தில் பெனால்டி கார்னர், அதாவது எங்கள் தவறுக்காக எதிரணிக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பு, என்றாலே எங்களுக்கு உதறல் எடுக்கும். கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர்தான் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம். மற்ற அறுவரும் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். முதல் ஷாட்டை ஓங்கி அடித்தால், பந்து 460 மில்லிமீட்டருக்கு மேல் எழும்பிக் கோட்டைத் தாண்டினால் கோல் கிடையாது. பந்தை மட்டையால் இழுத்துச் சுழற்றி எறியும் டிராக் ஃபிளிக்குக்கு அந்த வரம்பு இல்லை. ஏறக்குறைய 160 கிராம் எடையுள்ள கெட்டிப் பந்து, எதிர்த்து ஓடுபவளின் முகத்துக்கு நேராகவே வரக்கூடும். பயப்படாதே என்று வாயால் சொல்லி அந்தப் பயத்தைப் போக்க முடியாது.

போக்கியவர்கள் எங்கள் முன்னாள் வீராங்கனைகள். அக்கா, நீங்கள் எல்லோரும் சேர்ந்து முகக்கவசங்களும் முழங்கால் காப்புகளும் வாங்கித் தந்தீர்கள். அதோடு விடாமல், ஓய்வு நாட்களில் வந்து, கோலுக்கு முன்னால் இருக்கும் வட்டத்தின் விளிம்பில் நின்று எங்களை நோக்கி அடித்துக்கொண்டே இருந்தீர்கள். உடம்பை ஓரமாக்கி, மட்டையை மட்டும் பந்தின் பாதையில் வைத்து ஓடு என்று நீங்கள் கற்றுத்தந்த பிறகுதான் அடிப்பவரை நோக்கி முதலில் பாயும் எங்கள் ஓட்டக்காரி கண்ணை மூடாமல் ஓடத் தொடங்கினாள். இப்போது அந்த இடத்துக்கு எங்களுக்குள் போட்டியே நடக்கிறது!

மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்கு என்ன சொல்வது? செயற்கைப் புல் காய்ந்திருந்தால் பந்து தாறுமாறாகத் துள்ளும், சறுக்கித் தடுப்பவளின் தோல் உரிந்துவிடும். நாங்கள் வருவதற்கு முன்பே தண்ணீர் தெளித்துவிட்டு, கோலுக்கு முன்னால் வெறுங்காலால் தேய்த்துப் பார்ப்பார். ஈரம் போதாது என்று பட்டால் குழாயை மறுபடி இழுத்து வருவார். யாரும் அவரிடம் கேட்டுச் செய்த வேலை அல்ல அது.

பயிற்சி ஆட்டங்களுக்கு நடுவராக வந்த மூத்தவருக்கும் நன்றி. பச்சை அட்டை வாங்கினால் இரண்டு நிமிடம் பத்துப் பேரோடு தடுமாற வேண்டும். எங்களுக்கு அட்டை வாங்கித் தந்த தவறுகளை ஆட்டம் முடிந்ததும் மட்டையைக் கையில் எடுத்துச் செய்துகாட்டி விளக்கினீர்கள் ஐயா. விடுபட்ட ஆய்வக வகுப்புகளை மாலையில் நடத்தித் தந்த பேராசிரியர்களுக்கும், இருட்டிய பின் எங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்த ஓட்டுநருக்கும், பெற்றோருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

இன்னொருவரை விட்டுவிட முடியாது. ஓர் ஆட்டம் தொடங்கும் நேரத்தில் எங்கள் கோல்கீப்பரின் கால் காப்புப் பட்டை அறுந்துவிட்டது. எதிரணிக் கோல்கீப்பர் தன் பையிலிருந்து மாற்றுப் பட்டை எடுத்து வந்து, தானே மண்டியிட்டு மாட்டிவிட்டார். அன்று அவர் அணி தோற்றது. பட்டையைத் திருப்பிக் கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார். சகோதரி, அது இன்னும் எங்கள் கோல்கீப்பரின் காலில்தான் இருக்கிறது.

கடினமான ஆட்டங்கள் இனிமேல்தான் வரவிருக்கின்றன. நேரம் கிடைக்கும்போது எல்லோரும் வாருங்கள். எங்கள் கோல் இருக்கும் பக்கமாக உட்காருங்கள்.

அன்புடன்,
அணித்தலைவி