பாலத்தைக் கேட்காதே, மண்ணைக் கேள்

உவர்மலை,
திருகோணமலை.

அன்பின் சிவத்துக்கு,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. முழங்கால் நோவு தணிந்ததை அறிந்து ஆறுதலடைந்தேன். நான் அனுப்பிய கிண்ணியாப் பாலத்தின் படத்தைப் பார்த்து, பெரிய பூமியதிர்ச்சி வந்தால் இது தாங்குமா என்று கேட்டிருந்தாய். புவித்தட்டுகளின் விளிம்பிலிருந்து நாம் தள்ளியிருப்பதால் அதற்கான வாய்ப்பு இங்கே குறைவு. ஆனாலும் வீதி வேலையிலேயே தலை நரைத்தவனிடம் கேட்டுவிட்டாய், முழுவதையும் வாசித்துத்தான் ஆகவேண்டும்.

நேற்று மாலை உப்புவெளிக் கரையில், அலை வந்து திரும்பிய ஈரமணலில் பேரன் ஒரே இடத்தில் நின்று மிதித்துக்கொண்டிருந்தான். முதலில் கல்லுப்போல் இருந்த மணல் கொஞ்ச நேரத்தில் குழைந்து, மேலே நீர் கசிந்து, அவனுடைய கணுக்காலை விழுங்கியது. பூமியதிர்ச்சியில் நடப்பதும் ஏறக்குறைய இதுவே. நீர் நிறைந்த தளர்ந்த மணல் குலுங்கும்போது மணிகள் நெருங்கப் பார்க்கின்றன. இடையிலுள்ள நீர் வெளியேற அவகாசமில்லாததால் அதன் அழுத்தம் ஏறி, மணிகளின் பிடியைத் தளர்த்திவிட, சற்றுமுன் பாரம் சுமந்த நிலம் கூழாகிவிடுகிறது.

ஜப்பானின் நீகாதா நகரில் 1964 ஜூன் 16 அன்று இதுதான் நடந்தது. சினானோ ஆற்றின் மேல் கட்டப்பட்ட ஷோவா பாலம் திறக்கப்பட்டு ஒரு மாதமளவே ஆகியிருந்தது. அதன் ஐந்து தட்டுகள், அதாவது தூணுக்குத் தூண் கிடத்திய தளத்துண்டுகள், ஆற்றில் சரிந்தன. அதிர்வின் உச்சம் தணிந்த பிறகே அவை விழுந்தன என்று கண்டவர்கள் சொன்னார்கள். நகர்ந்துவந்த கரைமண், பாலத்தைத் தாங்க நிலத்துள் ஆழமாக இறக்கிய இரும்புத் தூண்களான பைல்களைத் தள்ளி வளைத்ததா, பக்கப்பிடி இழந்து அவை தாமாகவே வளைந்தனவா என்று பொறியியலாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அதே ஆற்றில் 1929இல் கட்டப்பட்ட பண்டாய் பாலத்தின் வளைவுகளோ பெரிய சேதமின்றி நின்றன. அந்த 1964ஆம் ஆண்டு மார்ச்சில் அலாஸ்காவில் வந்த பூமியதிர்ச்சியிலும், இரு கரைகளும் ஓடையை நோக்கி நகர்ந்து ரயில் பாலங்களை இடுக்கிபோல் நெரித்ததில், தட்டுகள் மேல்நோக்கி வளைந்து தண்டவாளங்களும் நெளிந்தன.

பாலம் விழாவிட்டாலும் பயணம் நின்றுவிடலாம் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பாலமுனைச் சுவர் ஆழமான பைல்களில் அசையாமல் நிற்க, அதற்குப் பின்னால் கொட்டி நிரப்பிய அணுகுவீதியின் மண் தாழ்ந்துவிட்டால், இரண்டுக்கும் நடுவே ஒரு படி உண்டாகும். அதிர்ச்சியில் அல்ல, 2011 தை வெள்ளத்தில், ஒரு சிறு மதகின் ஓரத்தில் அதைக் கண்டேன்: முழங்கால் உயரப் படிக்கு முன்னால் பஸ் நிற்க, சனங்கள் மூட்டை முடிச்சுகளைத் தலையில் சுமந்து மறுபக்கம் ஏறினார்கள். மதகில் ஒரு கீறல்கூட இல்லை.

ஆகவே கிண்ணியாப் பாலத்தின் 396 மீற்றர் நீளத்தைவிட அதன் இரு முனைகளையே நான் கவனித்துப் பார்ப்பேன். பங்குனியில் கோணேசர் திருவிழாவுக்கு நீ வரும்போது அங்கே இறங்கி நடப்போம். பாலம் வருமுன் நாம் பாதைப் படகுக்காகக் காத்துக் கிடந்த துறையடியையும் பார்த்துவிட்டு வரலாம்.

அன்புடன்,
ராசன்