நீ அனுப்பிய வெள்ளைப் பூச்சி

கடலூர் முதுநகர்

அன்புள்ள சேகர்,

கடிதமும் படங்களும் கிடைத்தன. அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்ததில் நிம்மதி. தானே புயலில் சாய்ந்த பலாக்களுக்குப் பதிலாக நீ வைத்த கன்றுகள் இப்போது நன்றாகக் காய்க்கின்றன என்று எழுதியிருந்தாயே, அதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். இங்கே மழை விட்டுவிட்டது. உப்பனாற்றுப் பக்கம் புல் இடுப்பளவுக்கு நிற்கிறது. வாசல் விளக்கடியில் தினமும் அந்துப்பூச்சிக் கூட்டம்.

நீ அனுப்பிய படத்தில் உள்ள வெள்ளை அந்துப்பூச்சி ஸ்கோபுலா என்ற பேரினத்தைச் சேர்ந்தது; பேரினம் என்றால் நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுப்பு. இந்தப் பேரினத்தில் எந்த இனம் என்று படத்தை வைத்துச் சொல்ல மாட்டேன், நீ எத்தனை முறை கேட்டாலும். உலகம் முழுக்க ஏறத்தாழ 800 ஸ்கோபுலா இனங்கள் உண்டு. பெரும்பாலானவை இதே தந்தநிறம், இதே நெளிகோடு, இறக்கை நடுவில் இதே கரும்புள்ளி. கைபேசிச் செயலி ஒரு பெயரைச் சட்டென்று நீட்டும். அதை அப்படியே எழுதி வைத்துவிட்டால் பின்னால் வருகிறவர்களுக்கும் அந்தப் பிழை போய்ச் சேரும். பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஆனால் அந்தப் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார். முன் இறக்கையில் தொடங்கும் நெளிகோடு பின் இறக்கைக்குள்ளும் விட்டுப்போகாமல் ஓடுகிறது. நான்கு இறக்கைகளையும் விரித்துச் சுவரோடு சுவராகப் படுத்தால்தான் அந்தக் கோடு முழுசாகும். உடம்பெல்லாம் மிளகுப்பொடி தூவியது போல நுண்ணிய கருஞ்செதில்கள். ஓரத்தில் வரிசையாகக் குட்டிக் குட்டிப் புள்ளிகள். இவ்வளவும் உன் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிய பூச்சியில்.

ஆண் கிடைத்தால் லென்ஸ் வைத்துப் பின்னங்காலைப் பார். பல இனங்களில் அந்தக் கால் தடித்து, உள்ளே ஒரு மயிர்க்கற்றையை ஒளித்து வைத்திருக்கும், பாதம் குட்டையாகிவிடும். இனம் பிரிக்கிறவர்கள் இன்னும் உள்ளே போகிறார்கள். ஆணின் வயிற்றின் எட்டாம் வளையத்தின் அடிப்பக்கத் தகட்டில் கொம்பு மாதிரி இரண்டு நீட்சிகள் இருக்கும், பல இனங்களில் இடமும் வலமும் ஒரே நீளமாக இருக்காது. அதையும் இனப்பெருக்க உறுப்புகளையும் நுண்ணோக்கியில் பார்த்துத்தான் பெயர் வைக்கிறார்கள். மேல்தோற்றத்தில் ஒன்றுபோல இருப்பவை அங்கேதான் வேறாகின்றன.

ஸ்கோபுலா என்ற பேரினத்தை 1802இல் ஷ்ராங்க் என்ற இயற்கையியலாளர் ஏற்படுத்தினார். பிறகு இதே பூச்சிகள் அசிடேலியா, கிராஸ்பீடியா என்றெல்லாம் பிரிந்து கிடந்தன. நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட வந்து அந்துப்பூச்சிகளிடம் மனதைப் பறிகொடுத்த ஹாம்ப்சன், 1890களில் இந்திய அந்துப்பூச்சிகளை நான்கு தொகுதிகளாக எழுதினார். அதைப் புரட்டினால் பழைய பேரினப் பெயர்கள்தான் வரும், குழம்பிவிடாதே. 2005இல் பின்லாந்தின் அந்துப்பூச்சி ஆய்வாளர் பாசி சிவோனன் உலகெங்குமிருந்து இவற்றை ஒப்பிட்டு, தனித்தனியாக நின்ற சில பேரினங்களையும் ஸ்கோபுலாவுக்குள் கொண்டுவந்தார்.

உன் கடலை வரப்பு ஆமணக்கில் வரும் காவடிப்புழுவும் இதுவும் ஒரே குடும்பமா என்று கேட்டிருந்தாய். இல்லை. காவடிப்புழுவுக்கு உடம்பின் நடுவிலும் பொய்க்கால்கள், அதாவது புழுவுக்கு மட்டும் உள்ள சதைக்கால்கள், மிச்சம் இருக்கும். ஸ்கோபுலா சேர்ந்திருக்கும் ஜியோமெட்ரிடே குடும்பத்துப் புழுவுக்கு முன்னால் மூன்று ஜோடிக் கால்கள், பின்கோடியில் இரண்டே ஜோடிப் பொய்க்கால்கள், அவ்வளவுதான். நடுவில் வெறும் உடம்பு. அதனால்தான் முதுகை முழுசாக வளைத்து, பின்பக்கத்தை முன்னால் இழுத்து வைத்து நடக்கிறது. ஆபத்தென்றால் பின்கால்களால் மட்டும் பிடித்துக்கொண்டு குச்சியாக விறைத்து நிற்கும். பூச்சியான பிறகும் வித்தியாசம் தெரியும்: இந்தக் குடும்பத்துக்குக் காது வயிற்றின் தொடக்கத்தில், ஆமணக்குப் பூச்சிக்கு மார்பின் பின்பகுதியில். இரண்டுமே வௌவாலின் ஒலியைக் கேட்கத்தான். விளக்கைச் சுற்றும்போது சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார், அதில் நம் காதுக்கு எட்டாத ஒலியும் உண்டு. சில பூச்சிகள் சட்டென்று திசை மாறும், சில பொத்தென்று கீழே விழும்.

இப்போது நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். 1985இல் பென்சிகர், ஃப்ளெட்சர் என்ற இரண்டு பூச்சி ஆய்வாளர்கள் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து மூன்று புது ஸ்கோபுலாக்களை விவரித்தார்கள். மூன்றும் விலங்குகளைத் தேடி வருபவை. ஸ்கோபுலாக்களில் சில, இரவில் மாட்டின் கண்ணோரம் உட்கார்ந்து கண்ணீரை உறிஞ்சும். குத்துவதில்லை; உறிஞ்சுகுழலை ஈரத்தில் வைத்துக் குடிப்பதோடு சரி. உப்பும் கொஞ்சம் புரதமும் அதில் கிடைக்கிறது. இதைப் படித்ததிலிருந்து எனக்கு உன் தொழுவம்தான் ஞாபகம். வீட்டில் மாடு இல்லாத நான் சுவரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், உன்னிடமோ ஆறு மாடுகள் இருக்கின்றன.

ராத்திரி பத்து மணிக்குமேல் போய்ப் பார். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொள், வெள்ளை வெளிச்சம் பட்டால் பறந்துவிடும். கண்ணோரத்தில் ஏதாவது உட்கார்ந்திருந்தால் விரட்டாமல் படம் எடு, தேதியும் நேரமும் குறித்து வை. ஒன்றுமே இல்லாத இரவையும் எழுது, அதுவும் தகவல்தான். மாட்டுப் பொங்கலுக்கு நான் அங்கே வருகிறேன். மாடுகளைக் குளிப்பாட்டிப் பொங்கல் ஊட்டிய பிறகு இரண்டு பேருமாகத் தொழுவத்தில் உட்காருவோம். லென்ஸ் நான் கொண்டு வருகிறேன். தங்கச்சியிடம் பலாக்கொட்டை எடுத்து வைக்கச் சொல்.

உன்,
முத்து