படத்தில் தெரிந்ததும் பாயில் தெரிந்ததும்

மஞ்சக்குப்பம், கடலூர்.
கத்திரி தொடங்கிய இரண்டாம் நாள்.

அன்புள்ள நண்பா,

தீபாவளிக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். பொங்கலுக்குப் பிறகு என்னைத் திட்டி நீ அனுப்பிய அஞ்சலட்டையும் வந்தது. அதைத் தபால்காரர் படித்திருப்பாரே என்பதுதான் என் கவலை. இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் கோபமும் அல்ல, அந்த மூவாயிரம் ரூபாயும் அல்ல. எனக்கும் வீட்டில் அனைவருக்கும் உடல்நலம் சீராகவே இருக்கிறது.

சின்னவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தைக் கடைசியில் பிறக்க வேண்டியவள், ஐப்பசிக் கடைசி மழையில், 28 வாரத்திலேயே வந்துவிட்டாள். எடை 1,040 கிராம். ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பார், அவ்வளவுதான் அவள். வலி கண்ட இரவில் ஆம்புலன்சில் ரெட்டிச்சாவடி, முள்ளோடை, அரியாங்குப்பம் என்று ஊர் ஊராக எண்ணிக்கொண்டே புதுச்சேரிக்குப் போனோம். குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கென்று ஓர் ஊசியும், மூளையைக் காப்பதற்கென்று மெக்னீசியமும் பிரசவத்துக்கு முன்பே தாய்க்குச் செலுத்தினார்கள். அந்த ஊசி நியூசிலாந்தில் இருவர் நடத்தி 1972-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

மூன்றாம் நாள் தலைக்கு ஸ்கேன் எடுத்தபோது நான் கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்தேன். குழந்தையின் தலை ஒரு சாத்துக்குடி அளவுதான் இருந்தது. மருத்துவர் ஜெல்லை முதலில் தன் கையிலேயே தடவிச் சூடு பார்த்துவிட்டு, கருவியின் முனையை உச்சிக்குழியின் மேல் பூப்போல வைத்தார். எண்ணெய் வைக்கும்போது அழுத்தாதே என்று நம் பாட்டிமார் சொல்லிக்கொண்டிருந்தார்களே, அந்தக் குழிதான் மூளையைப் பார்க்கும் சன்னலாம். எலும்பு மூடாத வரைக்கும் அதன் வழியாக ஒலியலை உள்ளே போய்த் திரும்பும். மூளைக்குள் நீர் நிறைந்த அறைகளின் ஓரத்தில், புதுச் செல்கள் பிறக்கும் மெல்லிய பகுதி ஒன்று இருக்கிறது. அங்குள்ள இரத்தக் குழாய்கள் நனைந்த தாளைப் போன்றவை. குறைமாதக் குழந்தைகளுக்கு அவை கசிந்தால் பெரும்பாலும் முதல் மூன்று நாளுக்குள்தான் கசியும். அந்தக் கசிவை நான்கு படியாகப் பிரிக்கிறார்கள், எங்களுடையவளுக்கு இருப்பதிலேயே இலேசான முதல் படி. ஒரு மாதம் கழித்து மீண்டும் பார்த்தார்கள், ஏனென்றால் மூளைத் திசு சேதமடைந்து குழி விழுந்தால் அது தெரியவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகுமாம். குழி எதுவும் இல்லை. அன்று நான் பாடலீசுவரர் கோயிலுக்குப் போனேன். சிரிக்காதே.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மாப்பிள்ளை நிறுத்தவில்லை. நிறைமாதக் கணக்கு வந்ததும் எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆக வேண்டும் என்று நின்றார். குறைமாதக் குழந்தைகள் எல்லோருக்கும் வழக்கமாக அதை எடுக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமே 2015-இல் சொல்லியிருப்பதை மருத்துவர் பொறுமையாக எடுத்துரைத்தார். மாப்பிள்ளை காதில் ஏறவில்லை. மயக்க மருந்து எதுவும் கொடுக்கவில்லை. வயிறு நிறையப் பாலூட்டி, துணியில் இறுகச் சுற்றி, காதை அடைத்துப் படுக்க வைத்தார்கள். அந்த இரைச்சலிலும் அவள் தூங்கினாள். பிற்பகலில் ஒரு சாளரத்தின் வழியாக அறிக்கையை நீட்டினார்கள், விளக்கிச் சொல்ல அங்கே ஆள் இல்லை. 'வெண்பொருளில் இலேசான மாற்றம்' என்பது அதன் சாரம். மாலைக்குள் அது குடும்ப வாட்ஸப் குழுவில் ஏறி, கோயம்புத்தூர் அத்தை வரைக்கும் போய், 'மூளையில் ஏதோவாம்' என்று திரும்பி வந்தது.

அதன் பிறகுதான் எனக்குப் பித்துப் பிடித்தது. ஜாதகம் பார்ப்பவர்களைக் கேலி செய்தே காலம் கழித்த நான், அந்தப் படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு இரவுபகலாக அவள் எதிர்காலத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். (நம் சோதிடர் வேறு வந்து, பிறந்த தேதிக்கா பிறக்க வேண்டிய தேதிக்கா கட்டம் போடுவது என்று கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இரண்டு வயது வரைக்கும் வளர்ச்சியைப் பிறக்க வேண்டிய தேதியிலிருந்து கணக்கிட வேண்டும் என்று மருத்துவரும்தான் சொல்லியிருக்கிறார்.) வெண்பொருள் என்பது மூளையின் கம்பிகள் போகும் இடம். கம்பிக்கு மேலுறை போடும் செல்கள் சரியாக 23 முதல் 32 வாரத்துக்குள்தான் முதிராத நிலையில் இருக்கின்றன. மூச்சுக் குறைவோ தொற்றோ வந்தால் அவைதான் முதலில் அடிபடும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 30 வாரத்துக்குள் பிறந்த 167 குழந்தைகளுக்கு இதே படத்தை எடுத்து, இரண்டு வயதில் சோதித்து, 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் படித்தேன். வெண்பொருள் மிதமாகவோ கடுமையாகவோ பாதிக்கப்பட்டிருந்தவர்களுக்கு அறிவு வளர்ச்சியும் நடையும் பின்தங்கும் வாய்ப்பு மிகுதி என்று கண்டிருக்கிறார்கள். ஆனால் இலேசான மாற்றம் அக்குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இருந்தது! அதைப் படித்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

32 ஆண்டு நில அளவையில் சங்கிலி பிடித்தவனுக்கு இது முன்பே உறைத்திருக்க வேண்டும். புலப்படத்தில் வாய்க்கால் என்று ஒரு கோடு போகும். இடத்துக்குப் போனால் அங்கே தென்னை நிற்கும், வாய்க்கால் பக்கத்து வயலை ஒட்டி ஓடிக்கொண்டிருக்கும், தண்ணீர் மட்டும் கடைமடைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். கரையே உடைந்து கிடந்தால் அதைப் படம் காட்டிவிடும், அதில் சந்தேகமில்லை. கோடு சற்றுக் கலங்கியிருப்பதை வைத்துக்கொண்டு விளைச்சலைச் சொல்ல முடியுமா?

நான் எழுத உட்கார்ந்ததே நேற்று நடந்ததைச் சொல்லத்தான். கணக்குப்படி அவளுக்கு நேற்று மூன்று மாதம் நிறைந்தது. மருத்துவர் ஒரு பாயை விரித்து, சட்டையைக் கழற்றி அவளை மல்லாக்கப் படுக்க வைத்து, செல்பேசியில் படம் பிடித்தபடி பேசாமல் உட்கார்ந்துவிட்டார். தொடவில்லை, பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. என் வீட்டுக்காரி கிலுகிலுப்பையை ஆட்டப் போக, வேண்டாம் அம்மா என்று கை காட்டினார். குழந்தை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு ஒரு சிறு வட்டம் போட்டது, உடனே கணுக்கால், பிறகு கழுத்து, மீண்டும் அந்த மணிக்கட்டு. தட்டாரப்பூச்சி ஓர் இடத்தில் நில்லாமல் துள்ளுவது போல ஐந்து நிமிடம். இந்த வயதில் வரும் இந்தத் துள்ளலைத்தான் ப்ரெக்டல் என்ற மருத்துவர் கவனித்து எழுதி வைத்தாராம். அது வராத குழந்தைக்கு, கைகால் அசைவைப் பாதிக்கும் பெருமூளை வாதம் வரும் ஆபத்து மிக அதிகம். வந்துவிட்டால் அந்த ஒரு பயம் பெரும்பாலும் நீங்கும். மருத்துவர் செல்பேசியைக் கீழே வைத்துவிட்டு, 'நன்றாக இருக்கிறது ஐயா' என்று மட்டும் சொன்னார். சின்னவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆறு மாதத்தில் அவள் எங்கள் எதிரில் ஒரு நாளும் அழுததில்லை.

எல்லாம் முடிந்தது என்று எழுத மாட்டேன். நடை, பேச்சு, பார்வை, செவி என்று ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே போக வேண்டும். கவனம் நிலைப்பதிலும் கணக்கிலும் வரும் தடுமாற்றம் பள்ளிக்கூடம் போன பிறகுதான் வெளிப்படும் என்று மருத்துவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். கணக்கு என்றதும், நிறைமாதத்தில் மூன்றரைக் கிலோவில் பிறந்த நீ வாங்கிய மதிப்பெண்கள் என் நினைவுக்கு வந்தன. கொஞ்சம் தெம்பாக இருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் மட்டும், ஆறு மாதமாகிறதே, இன்னும் குப்புற விழவில்லையா என்று வாரத்துக்கு இரு முறை கேட்கிறார். மூன்று மாதம்தான் அம்மா என்றால் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்.

படத்தைப் பட்டா, சிட்டா வைத்திருக்கும் பீரோவில் பூட்டிவிட்டேன். சாவி என் வீட்டுக்காரியிடம். ஆவணியில் அடுத்த சோதனை. அதற்கு முன்னால் நீ ஒரு நடை வந்து போ. மதினியிடம் துவைத்துத் துவைத்து மென்மையான பழைய பருத்திச் சேலை இருந்தால் இரண்டு வாங்கி வா. புதுத் துணியில் தொட்டில் கட்டினால் இவள் தூங்க மறுக்கிறாள்.

உன் பழைய பெஞ்சுக்காரன்