மூன்று மாதம் கடந்தால் முறையீடு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

பாவித்த வாகன விற்பனையில் நடக்கும் ஏமாற்றுகள் பற்றித் தங்கள் பத்திரிகையில் வெளியான செய்தி, வாங்குபவர்கள் அவதானமாக இருக்க வேண்டும் என்ற அறிவுரையுடன் முடிந்திருந்தது. அவதானம் மட்டும் போதாது. சட்டம் தரும் உரிமையும் அதன் காலவரையறையும் தெரிந்திருக்க வேண்டும். விளம்பரத்தில் சொன்ன விபரத்துக்கு வாகனம் பொருந்த வேண்டும் என்பது 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. வியாபாரி தவறான விபரம் தந்து விற்றால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம். ஆனால் அந்த முறைப்பாடு விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் செய்யப்பட வேண்டும்.

இந்த மூன்று மாதத்தில்தான் நான் தோற்றேன். கல்முனையில் ஒரு விற்பனையாளரிடம், நாற்பதாயிரம் கிலோமீற்றர் ஓடியது என்ற விளம்பரத்தை நம்பி முச்சக்கர வண்டி வாங்கினேன். ஆசனத்துக்கு அடியில் கிடந்த பழைய ஒயில் மாற்றிய அட்டையில் தொண்ணூற்றாறாயிரம் என்று எழுதியிருந்தது. "அடுத்த கிழமை வாருங்கள், பேசித் தீர்ப்போம்" என்ற சொல்லை நம்பி மட்டக்களப்பிலிருந்து அலைந்தேன். ஐந்தாவது மாதம்தான் முறைப்பாடு என்ற ஒன்று இருப்பதே தெரிந்தது. மனைவியின் நகையை அடகு வைத்த பணம் அது. ஆகவே, வாகன விளம்பரங்கள் வரும் பக்கத்தில் இந்தக் காலவரையறையையும் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தையும் தாங்கள் தவறாமல் அச்சிட வேண்டும்; பிரதேச செயலகங்களும் அதைத் தமிழில் காட்சிப்படுத்த வேண்டும்.

வாசகர் ஒருவர்,
மட்டக்களப்பு.